படகு ஏறும் நாளில் புடவை வேண்டாமே!

இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். சுற்றுலா போன இடத்தில் நம் பெண்கள் பேன்ட்டும் டி-ஷர்ட்டுமாகப் படகில் ஏறியதைப் பார்த்து மனம் வெதும்பியிருந்தார். 'ஜான்சி ராணி புடவையோடு குதிரை ஏறவில்லையா? நம்மால் புடவையோடு படகு ஏற முடியாதா?' என்று கேட்டிருந்தார்.

அவர் மனசு எனக்குப் புரிகிறது. எனக்கு 54 வயது. கல்யாணமான நாளிலிருந்து புடவையைத் தவிர வேறு எதையும் உடுத்தி வெளியே போனதில்லை. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்... இந்த விஷயத்தில் அந்தச் சகோதரி சொல்வது தப்பு. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெண்ணை டில்லியில் கொடுத்திருக்கிறோம். 2023 மார்ச்சில் அவளைப் பார்க்கப் போனபோது, ரிஷிகேஷுக்கு அழைத்துப் போனார்கள். நான், என்னவர், என் நாத்தனார், பெண், மாப்பிள்ளை என்று ஐந்து பேர். கங்கையில் முழுக்குப் போட்டு, கோயில்களைப் பார்த்த மறுநாள் காலை மாப்பிள்ளை, "அத்தை, இங்கே ராஃப்டிங் ரொம்பப் பிரசித்தம். ஐந்து பேருக்கும் பணம் கட்டிட்டேன், கிளம்புங்க" என்றார்.

ராஃப்டிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றடித்த பெரிய ரப்பர் படகு. அதன் விளிம்பில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு துடுப்போடு உட்கார வேண்டும். ரிஷிகேஷுக்கு 16 கி.மீ. மேலே இருக்கும் சிவபுரியில் ஏறினால், ஆறு நம்மைக் கீழே கொண்டு வந்து விடும். நடுநடுவே பாறை இடுக்கில் தண்ணீர் நுரைத்துக் கொண்டு சரியும் இடங்கள் வரும். அதற்கெல்லாம் 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படகே நட்டுக்கொண்டு நிற்கும். ஆள் தண்ணீரில் விழுவது சகஜம்.

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆசையாக முன்னால் போய் நின்றேன். படகை ஓட்டும் கைடு தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாதாஜி, சாடி நஹீ சலேகா" என்றான். புடவையோடு ஏற்ற மாட்டானாம். மாப்பிள்ளை கெஞ்சிப் பார்த்தார். அவன் அசையவே இல்லை.

"நான் அப்பவே நினைச்சேன். இந்த வயசில் உனக்கு எதுக்கு இதெல்லாம்? பைகளைப் பார்த்துக்கிட்டு ஜீப்பிலேயே வந்துடு" என்றார் என்னவர்.

அவ்வளவுதான். நாலு பேரும் படகில் போனார்கள். நான் நாலு பைகள், நாலு ஜோடி செருப்புகளோடு ஜீப்பில் போனேன். முப்பது வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் பை காவல் என் வேலைதான். கொடைக்கானலில் படகு விட்டபோதும் கரையில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். ஆனால், அன்றைக்கு மட்டும் ஏனோ அழுகை வந்துவிட்டது. கைடு தம்பியை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் படகு வந்தது. என் நாத்தனார் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் போட்டிருந்தது சுடிதார். துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை எதிரே அது இல்லாமல் உட்காரக் கூச்சப்பட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்குள் சுருட்டித் திணித்துக் கொண்டிருக்கிறாள். படகு தூக்கிப் போட்டதில் இவள் தண்ணீரில் விழ, துப்பட்டாவின் ஒரு முனை வெளியே வந்து, படகைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றில் சுற்றிக்கொண்டது. மறுமுனை இவள் கழுத்தில்! கைடு தம்பி கண் இமைக்கும் நேரத்தில் இடுப்புக் கத்தியை எடுத்துத் துணியை அறுத்து, இவளைத் தூக்கிப் படகில் போட்டிருக்கிறான்.

"அண்ணி, கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் இல்லை" என்று என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. துப்பட்டா இரண்டரை மீட்டர்கூட இராது. என் புடவை ஐந்தரை மீட்டர்! அந்தத் தம்பி மேல் இருந்த கோபமெல்லாம் போய், கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். நம் வாசகிகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர் பனிமலையில் உருகி வருவது. வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும், சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் இன்னும் மோசம். வீட்டில் ஒரு ஜீன்ஸைத் துவைத்துப் பிழிந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். நாம் வழக்கமாக மட்டமாக நினைக்கும் நைலான், பாலியெஸ்டர் துணிதான் அங்கே உசத்தி. பிள்ளைகள் விளையாடப் போகும்போது போடும் பனியன், ட்ராக் பேன்ட் இருந்தால் போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

நிறம் முக்கியம். வெள்ளை, இளமஞ்சள் எல்லாம் நனைந்தால் கண்ணாடி. கறுப்பு, கருநீலம், மெரூன் என்று அடர்ந்த நிறமாக எடுத்துக் கொள்ளுங்கள். ஒட்டிக்கொள்கிறதே என்று கூச்சமாக இருந்தால், லெக்கிங்ஸுக்கு மேல் முழங்கால் வரை ஒரு டிராயர் போட்டுக்கொள்ளலாம். எப்படியும் மேலே லைஃப் ஜாக்கெட் மாரை முழுக்க மூடிவிடும். சொல்லப்போனால், நனைந்த புடவையைவிட அதில்தான் மானம் பத்திரமாக இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டியபின் யாரையாவது இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறி வந்தால் பட்டைகள் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். அதற்கு மேலே எந்தத் துணியும் போடக்கூடாது.

தலைக்கு ஹெல்மெட். கொண்டை போட்டால் அது சரியாக உட்காராது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் பின்னி, சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். பூ, க்ளிப், ஹேர்பின் எதுவும் வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் இரண்டு காம்பையும் பின்னால் நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டியது பாவாடை நாடா! ஸ்டிக்கர் பொட்டு மட்டும் எப்படியும் கங்கைக்குத்தான்.

காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது. ஒரே அலையில் போய்விடும். குதிகாலில் வார் உள்ள சாண்டல் அல்லது பழைய கான்வாஸ் ஷூ போடுங்கள். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாதாம். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, ஓடும் திசையில் கால்களை நீட்டி, விரல்களை மேலே தூக்கிக் கொள்ள வேண்டும். இப்போது சொல்லுங்கள், காலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் புடவையோடு இதைச் செய்ய முடியுமா?

மாதவிலக்கு நாட்களில் நாப்கின் தண்ணீரை இழுத்து உப்பிவிடும். கப் பழகியவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் தேதி பார்த்துப் போவது நல்லது.

அடுத்தது நகை. வளையல், மோதிரம், மெட்டி, தொங்கட்டான் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எல்லாம் சரி, தாலி? நம்மில் பலர் கரையிலேயே நின்றுவிடக் காரணம் இதுதான். கழுத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்றான் அந்தத் தம்பி. என் நாத்தனார் கழுத்துக்கு நேர்ந்ததைக் கேட்டபின் நான் எதிர்த்துப் பேசவில்லை. அறவே மனசு கேட்காதவர்கள், தங்கச் சங்கிலியைத் தவிர்த்து, மெல்லிய மஞ்சள் கயிற்றில் கோர்த்து உடுப்புக்குள்ளே விட்டுக்கொள்ளட்டும். 

2024 நவம்பரில் மறுபடி டில்லி போனபோது, "ரிஷிகேஷ் போகலாம்" என்று முதலில் சொன்னவள் நான். ஊரிலிருந்தே பையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். என்னவருக்கு முதுகுவலி, படகில் வரமுடியவில்லை. ஆற்றங்கரையில் தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்கி நின்றேன். அவரே கையை நீட்டி, "கொடு, நான் வெச்சிருக்கேன். நீ பத்திரமா திரும்பி வந்தாப் போதும்" என்றார். சட்டைப்பையில் போட்டுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். அந்த முறை பை காவல் அவர்தான்!

சகோதரிகளே, அந்த முதல் அலை முகத்தில் அறைந்தபோது நான் போட்ட கூச்சல் எனக்கே புதுசு. காவிரியில் குதித்த எட்டு வயசுக்குப் பிறகு நான் அப்படிக் கத்தினதே இல்லை. கரை ஏறியபோது உடை மாற்ற அங்கே மறைவிடம் இல்லை. அதனால் என்ன? ஊரில் குளத்தில் குளிக்கும்போது பாவாடையை மாரோடு ஏற்றிக் கட்டிக்கொண்டு ஈரம் மாற்றுவோமே, அதே வித்தைதான். ஒரு பெரிய நைட்டியைத் தலைவழியே மாட்டிக்கொண்டு உள்ளேயே மாற்றிக் கொண்டேன். என் பெண் அசந்து போனாள்.

இப்போது ஜான்சி ராணிக்கு வருகிறேன். 1858-ல் குவாலியர் அருகே நடந்த கடைசிப் போரில் அவர் குதிரைப்படை வீரர் உடையில் இருந்தார் என்றுதான் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்கள். 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால், அந்த கங்கைப் பக்கத்து மலை மாவட்டமான உத்தரகாசியில் பிறந்தவர். அவரே 1994-ல் 18 பெண்களை மூன்று ரப்பர் படகுகளில் அழைத்துக்கொண்டு, ஹரித்வாரிலிருந்து கல்கத்தா வரை 2,155 கி.மீ. தூரத்தை 39 நாளில் கடந்தார். அவர்கள் குடும்ப மானத்துக்கு என்ன குறைந்துவிட்டது?

அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஊரில் நாற்று நடும் பெண்கள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வெயிலுக்குப் புருஷன் சட்டையை மேலே போட்டுக் கொள்கிறார்கள். யாராவது குறை சொல்கிறோமா? வேலைக்கு ஏற்ற உடை என்று விட்டுவிடுகிறோம். சேற்றுக்கு ஒரு நியாயம், ஆற்றுக்கு ஒரு நியாயமா? பிழைப்புக்காக மாற்றிக்கொண்டால் சரி, சந்தோஷத்துக்காக மாற்றிக்கொண்டால் தப்பு என்பது எந்த ஊர் தர்மம்?

சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் வாங்கும்போதே என்ன உடையில் வரவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆற்றங்கரையில் வந்து சொன்னால் நாங்கள் எங்கே போவோம்? படகு கரை சேரும் இடத்தில் நாலு பக்கமும் துணி கட்டி ஒரு மறைவிடம் செய்து கொடுங்கள். வீட்டு ஆண்களுக்கும் ஒன்று சொல்வேன். ஊருக்குப் புறப்படும்போது, 'உனக்கும் மாற்று உடை எடுத்தாயா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புடவை எனக்கு உயிர். இதை எழுதும்போதும் புடவையில்தான் இருக்கிறேன். ஆனால், ஆற்றுக்கு நம் ஆசாரம் தெரியாது. பிடித்து இழுக்க ஒரு முழம் துணி கிடைத்தால் அதற்குப் போதும்.

அடுத்த முறை பெட்டி கட்டும்போது, பிள்ளைகளின் பழைய விளையாட்டு பனியன் ஒன்றை உங்களுக்காகவும் மடித்து வையுங்கள். கரையில் உட்கார்ந்து செருப்பைக் காவல் காத்தது போதும் தோழியரே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.