ஒரகடத்துல செஞ்ச கார், ஒரகடத்துல ஓடல!



வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல காலைல போயிருக்கீங்களா? வரிசையா கம்பெனி பஸ், டிரெய்லர்ல ஏத்துன புதுக் கார்கள், நடுவுல நெளிஞ்சு போற நம்ம பைக். இன்ஜினியரிங் முடிச்சதுல இருந்து தாம்பரத்துல இருந்து தினமும் எனக்கு இதே ரோடுதான். அந்த டிரெய்லர் கார்கள் எங்கே போகுதுன்னு தேடப் போய்க் கிடைச்ச கதை இது.

2010-ல ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையில மைக்ரா உற்பத்தி தொடங்குச்சு. அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுக்கான மைக்ரா இங்கிலாந்தோட சண்டர்லாண்டில் தயாரானது. பிறகு அது நம்ம ஊர்ல இருந்து கப்பல் ஏறுச்சு. பெருமையான விஷயம்தான்.

2011-ல அந்த ஐரோப்பிய மைக்ராவுக்கு ‘டிஐஜி-எஸ்’னு ஒரு பெட்ரோல் இன்ஜின் வந்தது. 1,198 சிசி, மூணு சிலிண்டர், சூப்பர்சார்ஜர். அன்றைய ஐரோப்பிய சோதனைப்படி 100 கிலோமீட்டருக்கு 4.1 லிட்டர். நம்ம கணக்குல லிட்டருக்கு 24 கிலோமீட்டர்!

அந்த இன்ஜின் வெச்ச மைக்ரா இந்தியாவுல கடைசி வரைக்கும் விற்பனைக்கே வரல. செஞ்ச கை நம்மது, மிச்சமான பெட்ரோல் அவங்களது.

கம்பெனியைத் திட்டி முடிச்சுடலாம். ஆனா காரணம் சட்டத்துல இருக்கு. அப்போ பிரிட்டன்ல கிலோமீட்டருக்கு 100 கிராமுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு விடுற காருக்கு வருடாந்திர சாலை வரி பூஜ்யம். லண்டன் நெரிசல் கட்டணத்துலயும் விலக்கு. இந்த மைக்ரா விட்டது 95 கிராம். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குறவருக்கு லாபம்.

நம்ம நாட்டுல? 2006 மத்திய பட்ஜெட்டுல சின்ன காருக்கு வரி குறைச்சாங்க. 4 மீட்டர் நீளம், பெட்ரோல்னா 1,200 சிசி, இதுதான் அளவுகோல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனப்பவும் அதே அளவுகோல்தான். டேப் வெச்சு அளக்குறாங்க, மைலேஜைக் கேக்கல. லிட்டருக்கு 15 ஓடினாலும் 25 ஓடினாலும் ஒரே வரின்னா, விலை கூடுன சிக்கன இன்ஜினை எந்தக் கம்பெனி இங்கே இறக்கும்?

பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர்ல ஜப்பான்ல வந்த புது ஸ்விஃப்ட், அங்கே மைல்ட் ஹைப்ரிட்டோட கிடைக்குது. 2024-ல இங்கே வந்ததுல அது இல்லை.

நம்ம பாக்கெட் கணக்கைப் பாருங்க. தாம்பரம் – ஒரகடம் போக வர 50 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னு வெச்சுக்கிட்டா 1,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 ஓடுற காருக்கு 78 லிட்டர். 22 ஓடுற காருக்கு 57 லிட்டர். வித்தியாசம் 21 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய்னா மாசம் 2,100 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு கரண்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும் அதுல அடங்கிடும்.

“பஸ்ஸும் மெட்ரோவும்தானே தீர்வு?”னு கேப்பீங்க. சரிதான், அதுக்கும் நாம குரல் குடுக்கணும். ஆனா நைட் ஷிப்ட் முடிஞ்சு படப்பையில இறங்கி நிக்கிறவரும், அம்மாவை ராத்திரி குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவரும் அதுவரைக்கும் காத்திருக்க முடியாது.

நாம கேக்க வேண்டியது:

👉 மத்திய அரசு: வரிச்சலுகைக்கு நீளத்தோட மைலேஜும் அளவுகோல் ஆகணும்.

👉 ஃபிரிட்ஜ், ஏசில ஸ்டார் ஒட்டுற மாதிரி ஒவ்வொரு காருலயும் எரிபொருள் ஸ்டார் கட்டாயமாகணும். மோதல் பாதுகாப்புக்கு 2023-லயே ஸ்டார் வந்தாச்சே!

👉 மாநில அரசு: வாகன ஆயுள் வரி நம்ம கையில இருக்கு. இப்போ அது விலையைப் பொறுத்துதான். மின்சார வண்டிக்கு வரி விலக்கு குடுத்த தமிழ்நாடு, அதிக மைலேஜ் தர்ற சின்ன காருக்கும் ஒரு பகுதி தள்ளுபடி குடுக்கலாம். டெல்லிகிட்ட கை ஏந்த வேண்டாம்.

நம்ம ஊர்ல செய்யுற நல்ல கார் நம்ம வாசல்லயும் நிக்கணும். இது ஆடம்பரம் இல்ல தோழர்களே, நியாயம்.

உங்க வண்டி உண்மையில லிட்டருக்கு எத்தனை ஓடுது? கமெண்ட்ல போடுங்க. பகிருங்க.

#லிட்டருக்கு_எத்தனை

– தகவல் தொழில்நுட்ப அணி, தாம்பரம்