ஏணியைப் பிடித்த கை

‘உழைத்தால் உயரலாம்’ என்று மேடைதோறும் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் அது முழு உண்மையா? வணிகவியல் மாணவனாகிய எனக்கு நெடுநாளாக இந்த ஐயம் உண்டு. சிட்னி வெயின்பெர்க் என்பவரின் வாழ்க்கையைப் படித்தபின் அது வலுத்துவிட்டது.

1891இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், பதினொரு குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே பள்ளியை விட்டவர். 1907இல் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். அது நாம் பணம் போட்டு எடுக்கும் வங்கி அன்று. தொழில்களுக்கு வேண்டிய மூலதனத்தைப் பங்குகள், கடன் பத்திரங்கள் விற்றுத் திரட்டித் தரும் முதலீட்டு வங்கி. முதலாளிகளின் தொப்பிகளைத் துடைத்து வைத்த அதே இடத்தில் 1927இல் அவர் கூட்டாளியானார். 1930இல் தலைமை ஏற்றார். 1969இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1956இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் 1 கோடியே 2 லட்சம் பங்குகள், பங்கு ஒன்று 64.50 டாலர் வீதம், முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, ஃபோர்டு குடும்பத்தின் ஆலோசகராக முன்னின்றவர் அவரே.

‘துடைப்பம் பிடித்தவர் தலைவரானார்’ என்று இக்கதையை முடித்துவிடுவர். என்னால் அங்கே முடிக்க இயலவில்லை. ஒருநாள் அச்சிறுவன் முதலாளிகளுள் ஒருவரான பால் சாக்ஸின் வீட்டுக்குக் கொடிக்கம்பம் ஒன்றைக் கொண்டுபோனான். அவனுடைய சூட்டிகையைக் கண்ட அவர், அவனைத் தபால் பிரிவுக்கு மாற்றினார். கையெழுத்துத் திருந்த வேண்டும் என்று வணிகப் பள்ளி ஒன்றுக்குத் தம் செலவில் அனுப்பினார். ஏறிய கால் வெயின்பெர்க்கினுடையது. ஏணியைப் பிடித்த கை சாக்ஸினுடையது!

சென்ற ஆண்டு நான் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெயரையும் ஊரையும் சொன்னேன். அதற்குமேல் நா எழவில்லை. ஐந்தொகை தயாரிக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே முடித்துத் தந்திருப்பேன். ஆனால் நான்கு பேர் முன் எப்படிப் பேசுவது என்று எனக்குச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நம் வகுப்புகளில் பாதிப்பேர் கதை இதுதானே?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலைக்குச் சென்றுவிட்ட நம் பழைய மாணவர்களை மாதம் ஒரு மாலை அழைத்து வாருங்கள். நண்பர்களே, விண்ணப்பம் எழுதுவதை முதலாமாண்டுத் தம்பி தங்கையருக்கு நாமே கற்றுத் தரலாமே! இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஒரு மணி நேரமும் நல்ல மனமும் போதும்.

வெயின்பெர்க்குகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஏணியைப் பிடிக்க யார் வருகிறீர்கள்?