உங்கள் கடை மேப்பில் சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறது?

செவ்வாய்க்கிழமை என்றால் சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போகும் வண்டிகள் அதிகம். சொந்த வீடு அமைய வேண்டிக்கொண்டு வருபவர்கள் பலர். அதே சாலையில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு லாரிகள் போகின்றன. பெரியபாளையம் பவானி அம்மனைப் பார்க்கப் போகிறவர்களும் இங்கேதான் மேற்கே திரும்புகிறார்கள். இத்தனை பேரும் கடந்துபோகும் ஊர், புதுவாயல்.

முன்பெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் வழி கேட்பார்கள். வழி கேட்டவர் ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார். இப்போது வழி சொல்வது போன். எந்தக் கடையில் டீ குடிப்பது என்று சொல்வதும் அதே போன்தான். வெளிமாநில லாரி டிரைவர் ஒருவர் டயர் பஞ்சர் ஆகி நின்றால், முதலில் மேப்பைத்தான் திறப்பார். அதில் இல்லாத கடை, நூறு அடி தள்ளி இருந்தாலும் அவர் கண்ணில் படாது.

நடுவில் ஒரு தடுப்புச் சுவர்

வானத்தில் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். திறந்தவெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். தகரக் கூரைக்குக் கீழே, உயரமான கட்டடங்களுக்கு நடுவே அது தடுமாறும். அப்போது செல்போன் டவர், வைஃபை சிக்னல்களை வைத்து உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டும்.

ஊருக்குள் 30 மீட்டர் தவறினால் பக்கத்து வீடு, கூப்பிட்டால் கேட்கும். நெடுஞ்சாலையில் அதே 30 மீட்டர் தவறினால் எதிர்ப்பக்கம். நடுவில் தடுப்பு இருப்பதால், வாடிக்கையாளர் அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் வர மாட்டார். போகிற வழியில் வேறு கடை பார்த்துக்கொள்வார். கடைக்காரருக்கோ, ஒரு வியாபாரம் கைநழுவியதே தெரியாது.

கூகுளில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பதிவு செய்யும்போது கடைக்குள் உட்காராமல், வாசலில் நின்று பின்னை வையுங்கள். சர்வீஸ் சாலையில் கடை இருந்தால், வண்டி நுழையும் பக்கத்தை போட்டோ எடுத்துப் போடுங்கள். திறக்கும் நேரம், போன் நம்பர் இரண்டும் சரியாக இருக்கட்டும். தேடலுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்ற மூன்றையும் பார்த்தே கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது.

கதவு எண் இல்லாத இடங்களுக்கு இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் 'டிஜிபின்' கொண்டுவந்தது. ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு. வயலோரத்து வீட்டுக்கும் இனி ஒரு விலாசம் உண்டு.

ஆம்புலன்ஸுக்கும் இதே சிக்கல்

கடைக்கு வழி தவறினால் வியாபாரம் போகும். விபத்தில் வழி தவறினால் உயிர் போகும். 108-க்கோ நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கோ அழைக்கும்போது, 'புதுவாயல் பக்கத்தில்' என்று மட்டும் சொல்வது போதாது. சென்னையிலிருந்து வரும் பக்கமா, சென்னைக்குப் போகும் பக்கமா என்பதை முதலில் சொல்லுங்கள். அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். பேட்டரி தீர்ந்தாலும், சிக்னல் போனாலும் அந்தக் கல் அங்கேயே நிற்கும்.

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்காக வீட்டில் விழித்திருப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பின் 'லைவ் லொகேஷன்' அவர்களுக்கு உதவும். 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவுகள் உள்ளன. பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கேற்ப தேர்ந்தெடுத்தால் போதும். வீடு வந்ததும் நிறுத்திவிடலாம்.

எல்லா ஆப்புக்கும் காட்ட வேண்டாம்

கடை எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரிய வேண்டும். கடைக்காரர் எங்கே போகிறார் என்பது அப்படி அல்ல. டார்ச் லைட் ஆப், விளையாட்டு ஆப் எல்லாம் லொகேஷன் கேட்டால் யோசியுங்கள். நாள் முழுக்கச் சேரும் புள்ளிகளைக் கோத்தால் உங்கள் வீடு, வேலை செய்யும் இடம், போகும் கோயில், பார்க்கும் டாக்டர் எல்லாம் தெரிந்துவிடும்.

போனின் செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போனால், எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். மேப், டாக்ஸி, உணவு டெலிவரி ஆப்களுக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு உங்கள் தெரு தேவையில்லை, ஊர் தெரிந்தால் போதும். துல்லியமான இடம் என்பதை அணைத்துவிடலாம். மற்றவற்றுக்கு அனுமதி வேண்டாம்.

இன்று ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் மேப்பில் உங்கள் கடைப் பெயரைத் தேடிப் பாருங்கள். புள்ளி எதிர்ப்பக்கம் நின்றால், சரியான வாசலுக்கு நகர்த்தித் திருத்தம் அனுப்புங்கள். கூகுள் சரிபார்த்து மாற்றச் சில நாட்கள் ஆகலாம். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வருவதற்குள் அனுப்பிவிடுவது நல்லது.