யானையைக் கட்டித் தீனி போடலாமா?



ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. காலேஜ் கேட். மொத்த கேங்கும் டீக்கடையில. அப்போ சத்தமே இல்லாம ஒரு பழைய பென்ஸ் வந்து நிக்குது. பானெட் நுனியில நட்சத்திரம் மின்னுது. டிரைவர் சீட்டுல இருந்து ஸ்டைலா இறங்குறது... நீங்க! எப்படி இருக்கும்?

சரி, போதும். கண்ணை மூடினா இதுக்கு மேல எப்படிப் படிப்பீங்க?

இந்த வாரம் இந்த மேட்டரை எடுக்கக் காரணம், திருச்சியில இருந்து ஒரு தம்பி போட்ட லெட்டர். 'எங்க அப்பா புதுசா ஒரு சின்ன கார் வாங்க 8 லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். அதே காசுக்கு 2011 மாடல் ஜெர்மன் சொகுசு கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. லெதர் சீட், சன்ரூஃப், எல்லாம் இருக்கு. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?'

தம்பி, சம்மதிக்க வைக்கிற வித்தை எனக்கு நல்லாவே தெரியும். 2014-ல் தேர்ட் இயர் படிக்கும்போது எங்க அப்பாகிட்ட இதே வேலையைக் காட்டி ஜெயிச்சவன் நான். அதனாலதான் உங்க லெட்டரைப் படிச்சதும் வயித்துல லேசா புளி கரைச்சுது!

நாங்க வாங்கினது 1996 மாடல் பென்ஸ் இ 220. ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி விலைக்குக் கிடைச்சுது. இந்த மாடலோட ஜாதகம் தெரிஞ்சா ஆசை ஏன் வருதுன்னு உங்களுக்கே புரியும். 1984 கடைசியில ஜெர்மனியில அறிமுகமான வண்டி. டிசைன் டீமுக்குத் தலைவர் புரூனோ சாக்கோ. அந்த ஊர்ல டாக்ஸியா ஓடி ஓடியே பேர் வாங்கினது, நம்ம ஊர் அம்பாசடர் மாதிரி. 1995-ல் டெல்கோவோட (இன்னிக்கு டாடா மோட்டார்ஸ்) கூட்டு சேர்ந்து புனேயில தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல உருவான முதல் பென்ஸ் கார் இதுதான். காமெடி என்னன்னா, அதே 1995-ல் ஐரோப்பாவுல இதுக்கு அடுத்த மாடலே ரோட்டுக்கு வந்தாச்சு. அவங்க வழியனுப்பி வெச்ச மாப்பிள்ளைக்கு நாம இங்கே பந்தல் போட்டு வரவேற்பு கொடுத்தோம்!

ஆனா ஒண்ணு சொல்லணும். மாப்பிள்ளை நிஜமாவே கம்பீரம். கதவைச் சாத்தினா பேங்க் லாக்கர் மூடுற மாதிரி 'தொப்'னு ஒரு சத்தம். கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். அது கை மாதிரி நீண்டு சுருங்கி கண்ணாடியில 86 சதவீதத்தைத் துடைக்கும். மழை பெய்தா தெருப் பசங்க வேடிக்கை பார்க்கவே வருவாங்க. முட்டி வலியில ஆட்டோ ஏறவே அழுத எங்க பாட்டி, பின் சீட்டுல காலை நீட்டி உட்கார்ந்துட்டு, "இதுல நான் காசிக்கே வருவேன்டா"ன்னாங்க. அந்தச் சந்தோஷம் பொய்யே இல்லை.

அப்புறம்தான் தீனிச் செலவு ஆரம்பிச்சுது.

பெட்ரோல் டேங்க் கொள்ளளவு 70 லிட்டர். இன்னிக்கு லிட்டர் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் ஒரு தடவை ஃபுல் பண்ண 7,000. சிட்டியில எங்களுக்குக் கிடைச்ச மைலேஜ் 7, ஹைவேயில 11. வண்டி நீளம் 4.74 மீட்டர். மாருதி 800 எவ்வளவு தெரியுமா? 3.3 மீட்டர்தான். எங்க வீட்டு போர்டிகோவுல நிறுத்தினா பின்பக்கம் தெருவுல நிக்கும். கேட்டை நகர்த்திக் கட்ட ஆன செலவு காரோட பட்ஜெட்டுலயே இல்லை!

இதெல்லாம்கூட சமாளிக்கலாம். நான் பண்ணின பெரிய தப்பு வேற.

வாங்கின ஆறாவது மாசம், மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, "தம்பி, ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் உப்பி நிக்குது. மொத்த செட்டையும் மாத்திடுங்க"ன்னார். சில ஆயிரம் ரூபாய் ஆகும். அப்பா அதுக்குன்னு காசும் கொடுத்தார். நான் என்ன பண்ணினேன்? "அப்புறம் மாத்திக்கலாம்ப்பா"ன்னு சொல்லி, மேல கொஞ்சம் போட்டு அலாய் வீல் வாங்கினேன். ஹோஸ் யார் கண்ணுக்குத் தெரியும்? அலாய் வீல் காலேஜுக்கே தெரியுமே!

மே மாசம். தஞ்சாவூர்ல கல்யாணம். அப்பா, அம்மா, பாட்டி, தங்கச்சி, நான். திண்டிவனம் தாண்டினதும் பானெட்டுல இருந்து புகை. டெம்பரேச்சர் முள் உச்சியில நின்னது. அதை நான் கவனிக்கவே இல்லை, பாட்டு மாத்திட்டு இருந்தேன். ஹோஸ் வெடிச்சு கூலன்ட் மொத்தமும் ரோட்டுல. மத்தியான வெயில்ல பாட்டியை ஒரு புளியமரத்தடியில உட்கார வெச்சு, அம்மா முந்தானையால விசிறிட்டு இருந்தாங்க. கல்யாணத்துக்குப் போய்ச் சேரலை. வண்டியை லாரியில ஏத்திச் சென்னைக்குக் கொண்டு வந்தோம்.

சூட்டுல ஹெட் கேஸ்கெட் போச்சு. சிலிண்டர் ஹெட்டும் வளைஞ்சிருந்தது. பில் 58 ஆயிரம். எனக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய அதே வாரம்.

ஃபீஸ் சரியான தேதிக்குக் கட்டியாச்சு. வண்டியும் வந்தாச்சு. எப்படின்னு நான் கேட்கவே இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு பீரோவுல மார்க் ஷீட் தேடும்போது ஒரு அடகு ரசீது கிடைச்சுது. அம்மாவோட ரெண்டு வளையல். அம்மா கையைப் பார்த்திருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பார்த்துட்டு இருந்தது அலாய் வீலை!

அப்பா திட்டவே இல்லை. "கார் தப்பு பண்ணலைடா. நாமதான் பண்ணினோம்"னார். 'நீ'ன்னு சொல்லாம 'நாம'ன்னு சொன்னதுதான் ரொம்ப வலிச்சுது.

அலாய் வீலை வித்தேன். ஒரு வருஷம் ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்தேன். வளையல் திரும்பி வந்தது.

இந்தக் கதையில இருந்து நான் கத்துக்கிட்ட கணக்கு ரொம்ப சிம்பிள். 50 லட்ச ரூபாய் கார் பத்து, பன்னெண்டு வருஷத்துல 8 லட்சத்துக்கு வரும். ஆனா அதோட ஹெட்லைட்டும், கியர்பாக்ஸும், ஏசியும் 50 லட்ச ரூபாய் காரோடதுதான். வண்டிக்குத்தான் வயசாகி விலை குறையும், பார்ட்ஸுக்குக் குறையாது!

அப்போ வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன் பாஸ். வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

ஒண்ணு: காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்க. "உங்களுக்காக சூடு பண்ணி வெச்சேன் சார்"னு ஓனர் சொன்னா, அன்னிக்குத் திரும்பிடுங்க. கோல்டு ஸ்டார்ட்லதான் புகையும் சத்தமும் உண்மை பேசும். ஏசியை முழு அரை மணி நேரம் ஓட விடுங்க. எங்க மாடல்ல ஏசி எவாப்பரேட்டர் ஓட்டையானா டேஷ்போர்டையே கழட்டணும். பார்ட் விலையை விடக் கூலி பயமுறுத்தும்.

ரெண்டு: சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. நுனியில சேறு கோடு இருந்தா அது வெள்ளத்துல குளிச்ச வண்டி. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனையோ கார்கள் தண்ணியில நின்னது. சீட்டுக்கு அடியில இருக்கிற இரும்பையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

மூணு: டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும். 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் வயசான டயர்தான்.

நாலு: டெல்லி வண்டி சீப்பா வருதேன்னு பாயாதீங்க. அங்கே டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம்னு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வெச்சுது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. அதுக்கப்புறம் நிறைய வண்டி தெற்கே வந்தது. என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாத்தி முடிக்கும்போது அந்த 'சீப்' ஆவியாகிடும்.

அஞ்சு: ஆர்.சி.யில ஓனர் பேர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், பேங்க் கடன் முடிஞ்சுதான்னு எல்லாம் ஒத்துப் பாருங்க. 15 வருஷம் தாண்டின காருக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி.

ஆறு, ரொம்ப முக்கியம்: வண்டி விலையில மூணுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வைக்க முடியுமா? முதல் வருஷத்துலயே ஹோஸ், பெல்ட், பிரேக், டயர், ஆயில் எல்லாம் மாத்த அது வேணும். முடியலைன்னா, உங்க வீட்டால அந்த வண்டியை வாங்க முடியாதுன்னு அர்த்தம். விலை எவ்வளவு குறைவா இருந்தாலும்!

இன்னொரு விஷயம். பழசுலயும் பழசு பரவாயில்லை. எங்க இ 220-ஐப் பார்த்துப் பழகின மெக்கானிக் கிடைப்பார், புதுப்பேட்டையில தேடினா பல பார்ட்ஸும் கிடைக்கும். 2010 பக்கம் வந்த சொகுசு கார்கள்ல ஒரு கதவு திறக்கலைன்னாலும் முதல்ல கம்ப்யூட்டரைத்தான் கூப்பிடணும். ஏர் சஸ்பென்ஷன் இருந்து அது உட்கார்ந்துட்டா, பில்லைப் பார்த்து நீங்களும் உட்கார்ந்துடுவீங்க.

திருச்சி தம்பிக்கு என் பதில் இதுதான். அந்த 8 லட்சம்தான் அப்பாவோட மொத்த சேமிப்புன்னா, புது சின்ன காரையே எடுக்கச் சொல்லுங்க. வாரன்ட்டி இருக்கும், ஏர்பேக் இருக்கும், நடு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா யோசிக்காம ஸ்டார்ட் ஆகும். குடும்ப காரோட முதல் வேலை அதுதானே? பழைய ராஜா வீட்டுக்கு ரெண்டாவது வண்டியா வரட்டும், உங்க சொந்தச் சம்பளத்துல.

எங்க இ 220 இன்னும் இருக்கு. தினசரி ஓட்டத்துக்கு ஒரு சின்ன கார் வாங்கிட்டோம். பென்ஸுக்குன்னு மாசம் ஒரு தொகை என் அக்கவுண்ட்ல இருந்து தனியா போகுது. ஞாயித்துக்கிழமை காலையில அப்பா ஸ்டியரிங் பிடிப்பார். பக்கத்து சீட்டுல அம்மா, வளையல் கையை ஜன்னல்ல வெச்சுக்கிட்டு வருவாங்க. நான் பின் சீட்டுல. முன்னாடி எட்டி டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

யானையைக் கட்டித் தீனி போடலாம் ஃப்ரெண்ட்ஸ். தீனி யார் கையில இருந்து போகுதுன்னு மட்டும் பார்த்துக்கோங்க.

அடுத்த வாரம் சந்திப்போமா?