குறி பார்க்கும் முன் கத்தியைக் கூர்மையாக்குவோம்

வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணிப் பாசனக் குளங்கள் நிரம்பியதும், நம் இளைஞர்கள் சிலரிடம் ஒரு கேள்வி எழுகிறது: "பறவை வேட்டை மார்க்கத்தில் ஹலால்தானே?" கைப்பேசியில் அமெரிக்க வான்கோழி வேட்டைக் காணொளிகளைப் பார்த்து ஏர்கன் வாங்கும் ஆசையும் உடன் வருகிறது. கேள்வி நியாயமானது. ஆனால், "ஹலால்தான்" என்ற ஒற்றைச் சொல் அதற்கு முழுமையான பதிலாகாது.

அந்தக் காணொளிகளிலேயே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தேர்ந்த வேட்டைக்காரர் பறவையைக் கண்டவுடன் சுடுவதில்லை. பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அருகே வரவழைக்கிறார். ஏறத்தாழ நாற்பது கஜத்துக்குள் அது வந்து, நின்று, கழுத்தை நீட்டும்வரை அசையாமல் காத்திருக்கிறார். தலையும் கழுத்தும்தான் அவருடைய குறி. உடலில் பட்டால் பறவை காயத்தோடு தப்பி, எங்கோ புதரில் துடித்துச் சாகும். அத்தருணம் வாய்க்காவிட்டால் சுடாமலே திரும்புகிறார். சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதற்கே அங்கு அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது.

நம் மார்க்கம் இதனினும் நுட்பமான எல்லைகளை வகுத்திருக்கிறது. அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டை குறித்துக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கங்கள் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளன. அல்லாஹ்வின் பெயர் கூறி எய்ய வேண்டும். ஆயுதத்தின் முனை துளைத்திருந்தால் உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடிபட்டு இறந்திருந்தால் உண்ணலாகாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதையும் உண்ணலாகாது. கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாது.

இப்போது நம் குளக்கரையை நினைத்துப் பாருங்கள். நீரில் மிதக்கும் வாத்தை ஏர்கனால் சுட்டால் அது விழுவது எங்கே? நீரில்தான். குண்டு துளைத்துக் கொன்றதா, தாக்கிக் கொன்றதா என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயத்திற்குரிய ஓர் இறைச்சிக்காக ஓர் உயிரைப் போக்குவது எப்படித் தகும்?

அடுத்தது, இடம். வேட்டைக்கான அனுமதி எல்லா இடத்திற்கும் எல்லா நேரத்திற்கும் உரியதன்று. இஹ்ராம் நிலையில் தரைப்பிராணிகளை வேட்டையாடுவதைக் குர்ஆன் தடுக்கிறது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் பறவையை விரட்டவும் கூடாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பறவை வேட்டையைத் தடை செய்கிறது. கண்ணி வைப்பதும் முட்டைகளைச் சிதைப்பதும்கூட அதன்படி வேட்டையே. பிறர் நலன் காக்கும் இத்தகைய சட்டத்தை மதிப்பது முஸ்லிமின் கடமைகளுள் ஒன்று. நாங்குநேரி அருகே கூந்தன்குளத்திற்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவ்வூர் மக்கள் அப்பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அண்டை வீட்டார் விருந்தினராகப் பேணும் பறவையை நாம் குறிபார்ப்பது அழகா?

"உண்பதற்கல்ல, குறிபார்த்துப் பழகத்தான்" என்று சொல்வோரும் உண்டு. ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக எச்சரித்தார்கள். குறிபார்க்கப் பழக விரும்புவோர் அட்டையையும் தகரத்தையும் இலக்காக்கட்டும்.

தரமான இறைச்சியும் கைத்திறனும்தான் நோக்கமெனில், அவற்றுக்கான களம் நம் வீட்டு முற்றம். பண்ணையில் வளர்த்த வான்கோழி இன்று எளிதில் கிடைக்கிறது. ஆனால் அங்கும் நாம் அலட்சியமாகவே இருக்கிறோம். வளர்ந்த சேவல் பத்துக் கிலோவை நெருங்கும். அதன் சிறகடியைத் தனியொருவர் அடக்குவது கடினம். ஒருவர் சிறகுகளையும் கால்களையும் சேர்த்து அணைத்துப் பிடிக்க, மற்றவர் அறுக்க வேண்டும். கத்தியை முந்தைய நாளே சாணை பிடித்துவிட வேண்டும். பறவையின் கண்ணெதிரே தீட்டக் கூடாது. பிஸ்மில்லாஹ் கூறி, மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபுறத்து இரத்தக்குழாய்கள் ஆகியவற்றைத் தாமதமின்றி அறுக்க வேண்டும். தலையைத் துண்டிக்கக் கூடாது. துடிப்பு முற்றிலும் அடங்கும்வரை வெந்நீரில் முக்கவோ இறகு பறிக்கவோ கூடாது. கடைகளில் அவசரம் காரணமாக மீறப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விதிதான். வாடிக்கையாளராகிய நாம் இரண்டு நிமிடம் பொறுத்தால் கடைக்காரரும் பொறுப்பார்.

அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்கும்படியும், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு எளிதாக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த இஹ்ஸானைப் பிள்ளைகளுக்கு நாம் முற்றத்தில் கற்றுக்கொடுத்தால், ஏர்கனைத் தூக்கிக் கொண்டு குளக்கரைக்குப் போகும் ஆசை தானே அடங்கும், இன்ஷா அல்லாஹ்.