அணு முகிலும் அன்னைத் தமிழும்

உயர் அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்போர் நம்மிடையே இன்றும் உளர். இயலும் என்று வாதிடுவதினும் சொல்லிக் காட்டுவதே முறை. குளிர்ந்த அணு முகிலில் ஒளி விளைக்கும் வியப்பையே சான்றாகக் கொள்வோம்.

பீர்மேட்டு மூடுபனியில் லாரியின் விளக்கொளி சிதறுவதை நாம் அறிவோம். ஒளியை இருமடங்காக்கினால் சிதறலும் இருமடங்காகும். பனியின் இயல்பு மாறாது. இது நேரியல் விளைவு. ஒளி தான் புகுந்த பொருளின் இயல்பையே மாற்றி, அதனால் தன் போக்கும் மாறுமாயின், அது நேரிலா விளைவு.

விளக்கொளிக்கு அவ்வலிமை இல்லை. 1960 இல் லேசர் பிறந்தது. மறு ஆண்டே, படிகத்துட் புகுந்த செவ்வொளியில் ஒரு சிறு பகுதி புற ஊதா ஒளியாக வெளிவரக் கண்டனர்.

அணுக்களைக் குளிர்வித்தாலோ மெல்லிய ஒளியே போதும். அறை வெப்பத்தில் அணுக்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் அலைவதால், ஒரே ஒளி ஒவ்வோர் அணுவுக்கும் சற்றே வேறு அதிர்வெண்ணாகத் தோன்றும். லேசராலேயே அவ்வேகத்தைத் தணித்தால் அணுக்கள் ஒருமித்து இசையும். அப்போது, ஒரு கதிரை விழுங்கும் முகிலின் வழியே, மற்றொரு கதிரின் துணையால் அதனைக் கடந்துபோகச் செய்யலாம். வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் விரையும் ஒளியை, 1999 இல் அமெரிக்காவில் லேனே ஹாவ் குழுவினர் சோடியம் அணு முகிலில் நொடிக்கு 17 மீட்டராகத் தளர்த்தினர்.

இத்துறை நமக்கு அயலானதன்று. இரு கதிர்களால் அணுவை நிலைமாற்றும் முறைக்கு, திருவானைக்காவில் பிறந்த இராமன் பெயரே உலகெங்கும் வழங்குகிறது. 1928 இல் அவருடன் ஒளிச்சிதறலை ஆய்ந்த கே. எஸ். கிருஷ்ணன், நம் மலைத்தொடரின் கீழைச் சரிவை ஒட்டிய வத்திராயிருப்பினர். பெங்களூரில் இராமன் 1948 இல் நிறுவிய ஆய்வு நிலையத்தில் இன்று குளிர் அணு ஆய்வு நடைபெறுகிறது.

எனினும், தோட்டத்துப் பள்ளியில் தமிழில் பயின்று கல்லூரிக்கு வரும் நம் தம்பி தங்கையர் பலர், ஆங்கில விரிவுரையின் முன் வாயடைத்து அமர்கின்றனர்; தமக்கு அறிவே குறைவென்று எண்ணி அறிவியலையே கைவிடுவோரும் உண்டு. ஆங்கிலம் வேண்டாம் என்பதன்று என் கருத்து. ஆய்வுரைகள் அம்மொழியில் உள்ளன, கற்றே தீரவேண்டும். ஆனால் கருத்து முதலில் தாய்மொழியில் விளங்கிவிட்டால், பிறமொழிச் சொல் பின்னர் எளிதில் வந்து சேரும்.

ஆகவே தோழர்களே, கவியரங்கமும் பட்டிமன்றமும் நடத்தும் நம் மன்றம் திங்கள்தோறும் ஒரு மாலையை அறிவியல் உரைக்கு ஒதுக்கட்டும். மூத்த மாணவர் பேசட்டும். இளையோர் அஞ்சாது கேட்கட்டும். தக்க கலைச்சொல் கிட்டாவிடில் லேசரை லேசர் என்றே சொல்வோம். தமிழ் அதனால் தாழ்ந்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான் தாழும்.