ஒரே பெயரில் பல சபைகள்

ஒரே முதலாளியின் ஆதிக்கத்தில் அடங்காமல், பல சர்வர்கள் தத்தம் உரிமையோடு இயங்கி, ஒன்றோடொன்று செய்திப் பரிவர்த்தனை செய்துகொள்ளும் சமஷ்டி முறை சமூக வலைத்தளங்களில் வேரூன்றி வருகிறது. அதற்கு ஆதாரமான ‘ஆக்டிவிட்டிபப்’ விதிகள் 2018 ஜனவரியில் அங்கீகாரம் பெற்றன. சுப்ரீம் கோர்ட்டு வக்கீல் ஸ்ரீ சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் கம்பெனி முடக்கியதை ஆக்ஷேபித்து, 2019 நவம்பரில் நம் நாட்டார் பலர் இம்முறையைச் சேர்ந்த ‘மாஸ்டடா’னில் குடியேறினர். 2023 ஜூனில் ரெட்டிட் கம்பெனியின் புதிய கட்டணங்களை எதிர்த்தோர் ‘லெம்மி’யில் திரண்டனர்.

சுதந்திரத்தோடு ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. லெம்மியில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரே பெயரில் ஒரு சபையைத் தொடங்கலாம். ‘டெக்னாலஜி’ என்ற பெயரில் லெம்மி.வேர்ல்டிலும், லெம்மி.எம்எல்லிலும், பீஹாவிலும் வெவ்வேறு சபைகள் உள்ளன. ஒரே செய்தி மூன்றிடத்தில் வெளியாகிறது. விவாதமோ மூன்று துண்டாகச் சிதறுகிறது. ஆகவே யாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டுமென்று சிலர் அபிப்பிராயப்படுகின்றனர்.

கட்டாய இணைப்பை நாம் ஆதரிக்க முடியாது. இணைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் யாரிடம் இருக்கும்? அவ்வதிகாரம் பெற்றவரே புதிய எஜமானர் ஆகிவிடுவார். அன்றியும், ஒரு சபையின் உயிர் அதன் தாய்ச் சர்வரில் இருக்கிறது. மற்றச் சர்வர்களில் இருப்பவை பிரதிகளே. 2023 ஜூனில் பீஹா நிர்வாகிகள் லெம்மி.வேர்ல்டுடன் தொடர்பை அறுத்தபோது இரு பக்கத்து அங்கத்தினரும் ஒருவரையொருவர் இழந்தனர். பெரிய சர்வர்களுள் ஒன்றான லெம்.ஈஈ, நிர்வாகச் சுமை தாங்காமல் 2025 ஜூன் முடிவில் மூடப்பட்டது. எல்லாச் சபைகளும் ஒரே சர்வரில் இருந்திருந்தால் கதி என்ன?

நம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் பாசனத்தைப் பாருங்கள். வத்திராயிருப்புப் பக்கத்துக் கண்மாய்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக்கரை உண்டு, தனிமடை உண்டு. மற்றவற்றைத் தூர்த்துவிட்டு ஒரே கண்மாயை வைத்துக்கொள்வோம் என்று எந்தக் குடியானவனும் சொல்லமாட்டான். வாய்க்காலைத் தூர் வாருங்கள் என்றே கேட்பான். கண்மாய் பலவாயிருப்பது குற்றமன்று. இடையே வாய்க்கால் இல்லாமையே குற்றம்.

அத்தகைய வாய்க்கால்கள் வெட்டப்பட்டு வருகின்றன. ‘பைஃபெட்’ என்னும் மென்பொருள், பல சர்வர்களின் சபைகளை வாசகர் முன் ஒரே தொகுப்பாகக் காட்டுகிறது. சபைகள் தனித்தே நிற்கின்றன. படிப்பவருக்கு மட்டும் அவை ஒன்றாகின்றன. இதுவே நேர்வழி.

ஆனால் யந்திரம் மட்டும் போதாது. தமிழில் இத்தகைய சபை காணும் தேசபக்தர்கள் சிலவற்றை அனுஷ்டிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குமுன் அதே நோக்கமுள்ள சபை வேறெங்கேனும் உண்டா என்று தேடுக. இருந்தால் அதன் நிர்வாகிகளோடு கலந்து பேசுக. கொள்கையிலோ ஒழுங்கு விதியிலோ உண்மையான பேதம் இருந்தால் மட்டுமே தனியே நிற்க. அப்போதும் ஒருவர் மற்றவரின் முகவரியை முகப்பில் அறிவிக்க. ஆளற்றுப்போன சபையை அங்கத்தினர் சம்மதத்தோடு மூடி, உயிருள்ள சபைக்கு வழிகாட்டுக. பழைய விவாதங்களை அழியாமல் பாதுகாக்க.

பெரிய பாஷைகளில் பத்துச் சபைகள் பிரிந்தாலும் பத்தும் பிழைக்கும். தொகை குறைந்த நம்மவர் வீண் போட்டியால் பிரிந்தால் ஒன்றும் மிஞ்சாது. கம்பெனிகளின் வாசலுக்கே திரும்ப நேரும். பிறர் ஆணையால் ஒன்றாவது அடிமைத்தனம். நாமே கலந்துபேசி ஒத்துழைப்பதே சுயராஜ்யம்.